சண்டை தீர்க்கிற லீலா

தேநீர் டம்ளரைக் கையில் கொடுத்தால் லீலா உடனே குடிக்கமாட்டார். வலது கட்டைவிரலை விளிம்பில் வைத்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவார். பிறகுதான் அது வாய்க்குப் போகும். என் வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் பிசிறு இருப்பதாகக் கண்டுபிடித்து, குடிக்காமலே திருப்பிக் கொடுத்திருக்கிறார். "இத்தக் கொழந்தைங்களுக்குக் குடுத்துடாதீங்க கோதாம்மா, ஒதட்டக் கிழிச்சிடும்." என் கல்யாணச் சீரோடு வந்த டம்ளர் அது. முப்பது வருடத்தில் யாருடைய உதட்டையும் கிழித்ததில்லை. ஆனாலும் அதை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன்.

குன்றத்தூரில் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் அவர் குடியிருக்கிறார். வயது நாற்பத்தாறு. ஒல்லியான தேகம், முன்நெற்றியில் மட்டும் நரை, புடவைக்கு மேல் கம்பெனியின் நீலச் சட்டை. ஒரகடம் சாலையில், கார்களுக்கான தகடுகளை அடித்து வளைக்கும் ஒரு தொழிற்சாலையில் பதினான்கு வருடமாகச் சோதனை வேலை. மெஷினிலிருந்து எண்ணெய்ப் பளபளப்போடு விழும் தகட்டை எடுத்து விளிம்பைத் தடவ வேண்டும். பிசிறு இருந்தால் சிவப்புத் தொட்டி, இல்லாவிட்டால் பச்சைத் தொட்டி. கையுறை போட்டுக்கொண்டு செய்யவேண்டும் என்று சுவரில் படம் ஒட்டியிருக்கிறார்கள். கையுறை போட்டால் பிசிறு தெரியாது, பிசிறு தெரியாமல் போனால் திட்டு விழும். அதனால் வெறும் விரல்தான். அந்த விரலில் ரேகை தேய்ந்தே போய்விட்டது. ரேஷன் கடை மெஷின் அவரை அடையாளம் தெரியவில்லை என்று திருப்பி அனுப்புகிறது. கம்பெனியோ இன்னும் காண்ட்ராக்ட் ஆள் என்றே வைத்திருக்கிறது. பதினான்கு வருடம் ஒரே இடத்தில் நின்றவரை இன்னும் தற்காலிகம் என்கிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ். நிறுத்தத்தில் நின்றபடி லீலா ஜெபம் செய்வார், கண்ணைத் திறந்துகொண்டே. முதல் தடவை பார்த்தபோது யாரையோ முறைக்கிறார் என்று நினைத்தேன். "கண்ண மூடினா பஸ் பூடும். அவருக்குத் தெரியாதா இன்னா" என்றார். அவர் என்றால் யார் என்று கேட்டுவிட்டு நானே வெட்கப்பட்டேன்.

கணவர் சுப்பிரமணி ஆட்டோ ஓட்டுகிறார். முருக பக்தர். ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குக் காவடி எடுப்பார். லீலா அடிவாரத்தில் மோர்ச் செம்போடு நிற்பார். மனைவி மாதாமாதம் திருவிருந்து ஆராதனைக்குப் போகும் ஞாயிறுகளில் அவர் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டு, வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நான் ஸ்ரீபெரும்புதூரில் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் தென்கலையா வடகலையா என்ற பேச்சில் அண்ணன் தம்பிகள் வருடக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அதனால் கீழ் வீட்டைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

தொழிற்சாலையில் லீலாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சம்பளம் இல்லாத வேலை. அங்கே சண்டைக்குப் பஞ்சமில்லை. தெற்கேயிருந்து வந்து பென்னலூர்ப் பக்கம் அறைக்கு எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் பையன்கள், உள்ளூர்ப் பையன்கள், வடநாட்டிலிருந்து வந்தவர்கள். குளிக்கிற தண்ணீரில் தொடங்கி, மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நிறம் வரைக்கும் காரணம் கிடைக்கும். இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் சூப்பர்வைசர் லீலாவைத்தான் தேடுவார். லீலா ஒன்றும் கேட்கமாட்டார். யார் முதலில் கை வைத்தது என்ற விசாரணையே கிடையாது. சாப்பாட்டு மணி அடித்ததும் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து, நடுவில் தன் டிபன் பாக்ஸைத் திறந்து வைப்பார். ஒரே பாத்திரம், இரண்டு கை. சோறு தீரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் இன்னொரு கரண்டி விழும். அவருடைய கருவாட்டுக் குழம்புக்குத் தொழிற்சாலையில் பெரிய பேர் என்பதால் யாரும் எழுந்து போனதில்லை.

"சாப்ட்டுகினே எவனாலயும் மொறைக்க முடியாது கோதாம்மா. குனிஞ்சிதான் ஆவணும்" என்பார்.

நான் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த முறையில் ஆறேழு வருடமாகப் பல மண்டைகள் உடையாமல் தப்பியிருக்கின்றன. நிர்வாகமும் அதை அறியும். ஒரு ஆண்டு விழாவில் மேடைக்கு அழைத்து, நல்லிணக்கத்துக்கான பரிசு என்று ஒரு குக்கர் கொடுத்தார்கள். வேலை நிரந்தரத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. குக்கரோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த லீலா ஒருகாலத்தில் சண்டைக்காரி என்று சுப்பிரமணி சொன்னபோது நான் நம்பவில்லை. அவரே பிறகு சொன்னார். வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். கிரிக்கெட் மைதானத்தில் தொடங்கிய ஒரு தகராறில், அடுத்த தெருக்காரர்கள் அவருடைய அண்ணனை அடித்துப் போட்டார்கள். நான்கு நாள் கழித்து அண்ணன் இறந்துபோனார். அடித்தவன் வழக்கிலிருந்து வெளியே வந்து அதே ஊரில் கடை வைத்தான்.

"ஒம்போது வருஷம் நானு ஜெபம் பண்ணேன் கோதாம்மா. இன்னா ஜெபம் தெரியுமா? அவனுக்கு சாவு வரணும்னு. காலைல ஒருவாட்டி, ராத்திரி ஒருவாட்டி. தூக்கமே கெடையாது. ஒருநாள் கோயில்ல முட்டி போட்டுகினு இருக்கசொல்ல, அவன் பேரு வாய்ல வரல. சும்மா இருந்தேன். யாரோ தலைல இருந்த கொடத்த எறக்கி வெச்சா மாதிரி இருந்துச்சி. வூட்டுக்கு வந்து தூங்கினேன் பாரு, மறுநா மத்தியானம்தான் எழுந்தேன். அப்புறம் அவன் கடைல போயி உப்பு வாங்கினேன். அவன்தான் சில்லறைய எண்ணாமலே குடுத்தான்."

இதைச் சொல்லும்போது அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எனக்கு மட்டும் அந்தக் கடைக்காரன் மேல் இன்றைக்கும் கோபம் தீரவில்லை. அவரோ அவன் பெண்ணின் கல்யாணத்துக்குப் போய் மொய் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

பங்குனியில்தான் விவகாரம் தொடங்கியது. மாடத்தி என்று ஒரு பெண். இருபத்திரண்டு வயது, தென்காசிப் பக்கம், கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். லீலாவுக்கு முன்னால் உள்ள, தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ்ஸில் அவளுக்கு வேலை. அந்த மெஷினின் இரண்டு பக்கமும் சென்சார் உண்டு. கை குறுக்கே போனால் மெஷின் அப்படியே நின்றுவிடும். ஆனால் எண்ணெய்த் துளி தெறித்தாலும் அது நிற்கும். நின்றால் அன்றைய கணக்குக் குறையும். அதனால் சூப்பர்வைசர் பகலவன் தன்னிடமிருந்த சாவியைத் திருப்பி, சென்சாரையே அணைத்து வைத்திருந்தான். முப்பது வயதுப் பையன். கெட்டவன் இல்லை, மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவன். மேலே இருப்பவர்களோ அணைக்கச் சொல்லவும் இல்லை, அணைக்காமல் எட்ட முடியாத கணக்கைக் குறைக்கவும் இல்லை. இப்படிப்பட்டவர்கள் மாட்டிக்கொள்வதே கிடையாது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஒருநாள் மாடத்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். "சென்சார் இல்லாம ஓட்டமாட்டேன் சார். என்னத்தையும் செய்யுங்க" என்றாள். பகலவன் கத்தினான். பத்து நிமிடம் லைன் நின்றது. ஆட்கள் லீலாவை அழைத்தார்கள்.

லீலா வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை. மணி அடித்ததும் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து டிபன் பாக்ஸைத் திறந்தார். வாயில் சோற்றோடு பகலவன், இந்த வார லோடு போனதும் சென்சாரைப் போட்டுவிடுகிறேன் என்றான். மாடத்தி குனிந்து சாப்பிட்டாள். "சண்டை வேணாம் கண்ணு, நானு பாத்துக்கறேன்" என்று லீலா அவள் முதுகைத் தடவினார். மத்தியானம் அவள் மெஷினை ஓட்டினாள்.

வார லோடு போயிற்று. அடுத்த வார லோடும் போயிற்று. சாவி அணைத்த பக்கமே இருந்தது. லீலா தினமும் அதைப் பார்த்தார். கேட்டால் பகலவன் முறைப்பான், மாடத்தி மறுபடி கையைக் கட்டுவாள், மறுபடி சண்டை வரும். கேட்கவில்லை. பதினோராம் நாள் மெஷின் ஒரு தடவை இறங்கி ஏறியது. மாடத்தி தகட்டை எடுக்கக் கை நீட்டினாள். யாரும் பெடலை மிதிக்காமலே அது இரண்டாம் தடவை இறங்கியது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

லீலா அன்று சட்டையெல்லாம் ரத்தத்தோடு வந்து, துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். அழவில்லை. நான் கொடுத்த தேநீரை அப்படியே வைத்திருந்தார். கடைசியில் அதை நானே எடுத்து ஊற்றிவிட்டேன்.

மூன்றாம் நாள் மாலை ஜோயல் வந்தார். அந்தத் தொழிற்சாலையின் எச்.ஆர். அதிகாரி அவர். லீலா போகும் சபையின் செயலரும் அவர்தான். வெள்ளைச் சட்டை, சன்னமான குரல். வருடாவருடம் லீலாவின் காண்ட்ராக்டைப் புதுப்பிப்பதும் அவரே. நான் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக் கீழே போயிருந்தேன். எழுந்திருக்க முயன்ற என்னையும் "உட்காருங்க மேடம், நல்ல காரியம்தான்" என்று உட்காரவைத்தார்.

"சிஸ்டர், நடந்தது நடந்துபோச்சு. போன விரல் திரும்பி வருமா? அடுத்த வாரம் வெளியிலேர்ந்து ஆடிட்டுக்கு வர்றாங்க. நானூறு குடும்பத்தோட சாப்பாடு இதுல இருக்கு. உங்களைவிட சமாதானத்தை நேசிக்கிறவங்க நம்ம கம்பெனியில யார் இருக்கா?"

பையிலிருந்து டைப் செய்த தாள் ஒன்றை எடுத்தார். மாடத்தி தானே சென்சாரை அணைத்துவிட்டுக் கவனக்குறைவாகக் கையை உள்ளே விட்டதை நான் நேரில் கண்டேன் என்று இருந்தது. கீழே லீலாவின் பெயர். கையெழுத்துக்கு இடம். இதில் லீலா கையெழுத்துப் போட்டால் மாடத்தி மறுநாளே ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான். தப்பு அவளுடையது என்று எழுதப்பட்டுவிட்டால் இந்தப் பக்கத்தில் எந்தத் தொழிற்சாலையும் அவளை வாசலில்கூட நிற்கவிடாது. பார்த்த சாட்சி லீலா ஒருவர்தான்.

பிறகு ஜோயல் தலை குனிந்து ஜெபம் செய்தார். கம்பெனியில் அமைதி நிலவ வேண்டினார். பெயர் சொல்லி மாடத்தியின் சுகத்துக்காகவும் வேண்டினார். மடியில் இருக்கும் தாளில் அவள் மேல் பொய், வாயில் அவளுக்காக வேண்டுதல். எனக்கு உடம்பு எரிந்தது. என் சாமியாக இருந்தால் என்ன, அவர் சாமியாக இருந்தால் என்ன, கேட்டுக்கொண்டிருக்கும் யாருக்கும் அந்த நேரத்தில் காது கூசியிருக்கும். ஜெபம் முடிந்ததும் மரியாதைக்குச் சுப்பிரமணிகூட ஆமென் என்றார். லீலா சொல்லவில்லை.

"வெச்சிட்டுப் போங்க சார்" என்றார்.

மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் கூடப் போனேன். மாடத்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். லீலா கட்டிலோரம் நின்று, எந்த முன்னுரையும் இல்லாமல் பேசினார். "நீ ஓட்டமாட்டேன்னு நின்ன. நாந்தான் ஓட்டவெச்சேன். அப்புறமும் சாவியப் பாத்துகினே இருந்தேன், கேக்கல. எம்மேல தப்பு கண்ணு."

அவள் திரும்பவில்லை. "தெரியும்க்கா. நீங்க சோத்தப் போட்டு என் வாய அடைச்சிட்டிய. அன்னைக்கு என்னச் சண்டை போட விட்டிருந்தா எனக்கு வெரலு இருந்திருக்கும்" என்றாள்.

லீலா மன்னிப்புக் கேட்டுக் கெஞ்சவில்லை. தலையை ஆட்டினார். கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

திரும்பும் வழியெல்லாம் நான்தான் கத்தினேன். சங்கத்துக்குப் போங்கள், பேப்பர்காரர்களைக் கூப்பிடுங்கள், அந்த ஜோயலின் வெள்ளைச் சட்டையைப் பிடித்து உலுக்குங்கள் என்றேன். உண்மையில் எனக்கு அன்று லீலா மேலும் கோபம்தான். நியாயமான ஒரு சண்டையைச் சோற்றைப் போட்டு மூடிவிட்டாரே என்ற கோபம். அதை மறைக்கவில்லை, முகத்துக்கு நேரே சொன்னேன்.

ஆட்டோ ஒரு லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது. லீலா வெளியே பார்த்தபடி சொன்னார். "சண்டைன்னு சொன்னாலே எனக்கு எங்கண்ணன் மூஞ்சிதான் வருது கோதாம்மா. யாரும் அடிச்சிக்கக் கூடாதுன்னு பயந்துகினே இருந்தேன். அந்தப் பயத்துக்கு நானு சாமி பேரு வெச்சிட்டேன். அவரு எனக்குக் குடுத்த சமாதானம் இது இல்ல. அத்தக் குடுத்தன்னிக்கி நான் பயப்படல, அவன் கடைக்கே போனேன்ல."

அன்றும் மறுநாளும் அவர் சாப்பிடவில்லை. காலை பஸ் நிறுத்தத்தில் மட்டும் வழக்கம்போல நின்றார். அடுத்த நாள் சாயங்காலம் ஒரு நோட்டுத் தாளை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். எட்டாம் வகுப்புக் கையெழுத்து. எழுத்துப் பிழை பார்த்துத் தரச் சொன்னார். லீலாவாகிய நான் எழுதுவது என்று தொடங்கியது. சென்சார் அணைந்திருந்தது எனக்குத் தெரியும், மாடத்தி ஓட்டமாட்டேன் என்றாள், நான்தான் பேசி ஓட்டவைத்தேன், சாவி சூப்பர்வைசர் பகலவனிடம் இருந்தது, மெஷின் தானாக இரண்டாம் தடவை இறங்கியது, மாடத்தி மேல் ஒரு தப்பும் இல்லை. அவ்வளவுதான். உங்கள் தப்பை எதற்கு முதலில் எழுதவேண்டும், அதைப் பிடித்துக்கொண்டு உங்களையே வெளியே தள்ளுவார்கள் என்றேன். "அத்த எடுத்துட்டா மீதியும் பொய்யாயிடும்" என்றார். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டே திருத்தினேன்.

விசாரணை நடந்த அறையில் ஜோயலும் பகலவனும் இன்னும் இரண்டு அதிகாரிகளும் இருந்தார்களாம். டைப் செய்த தாளைத் திருப்பி மேஜையில் வைத்துவிட்டு, லீலா தன் தாளைப் படித்தார். பகலவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் லீலா அவனை நிறுத்தி, "ஒம்மேல எனக்குக் கோவம் இல்ல தம்பி. ஆனா சாவியப் பத்தி நீயும் சொல்லிடு. சொன்னா தூக்கம் வரும்" என்றார். அவன் லைனுக்குப் போய்விட்டான்.

அடுத்த நாளே லீலாவைச் சோதனை மேஜையிலிருந்து எடுத்து ஸ்கிராப் யார்டில் போட்டார்கள். கூரை இல்லாத வெட்டவெளி. சித்திரை வெயில். தகடுகளின் வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கித் தொட்டியில் போடவேண்டும். இரும்பு சூடேறிக் கையைப் பொசுக்கும். வெள்ளிக்கிழமை ஜோயல் நிழலில் நின்றபடி அவரை அழைத்தார். "திங்கட்கிழமை ரிப்போர்ட் போகுது சிஸ்டர். அதுக்குள்ள உங்க பேப்பரைத் திருப்பி வாங்கிக்கிட்டா பழைய டேபிளுக்கே போகலாம். இல்லேன்னா காண்ட்ராக்டர் உங்களை வரவேண்டாம்னு சொல்லிடுவார். நான் தடுக்க முடியாது. ஞாயித்துக்கிழமை ஆராதனையில நல்லா ஜெபிச்சு முடிவெடுங்க" என்றார். நன்றாகத்தான் பார்த்து நாள் குறித்திருக்கிறார்.

கை முழுக்கக் கொப்புளத்தோடு வீட்டுக்கு வரும் லீலா, சுவரில் சாய்ந்ததும் தூங்கிவிடுகிறார். எப்படித் தூக்கம் வருகிறது என்று எனக்கு ஆத்திரமாக வரும். மேல் மாடியில் நான் அவருக்காகப் புரண்டுகொண்டிருக்கிறேன். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, ஆனால் தூக்கம் போனது எனக்குத்தான். இதைச் சொன்னபோது, "நீங்க எங்க சாமிகிட்ட ஒருவாட்டி குடுத்துப் பாருங்களேன்" என்று கேலி செய்தார். கோபத்தைக் கொடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே ஹாஸ்டலில் மாடத்தியின் கட்டிலை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளின் பெட்டி வாசலில் இருந்தது. சுப்பிரமணி போய் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். லீலா வீட்டில் அவள் பேசுவதே இல்லை. இடது கையால் ஸ்பூனில் சாப்பிடுவாள். பாதி சிந்தும். "எனக்கு ஊட்டாதீங்கக்கா" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். லீலா ஊட்டவில்லை. சிந்தியதைத் துடைக்கவும் அவளையே விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை லீலா புடவை மாற்றிக்கொண்டிருக்கும்போது மாடத்தி கேட்டாள். "அந்த எச்.ஆர். சாரு அங்க வருவாராக்கா?"

"வருவாரு."

"அப்பம் நானும் வாரேன். அவரு என்னப் பாத்ததே இல்ல. பேப்பர்லதான் பாத்திருக்காரு."

நானும் கிளம்பினேன். எனக்குப் பக்தி ஒன்றும் இல்லை. அந்த மனிதரின் முகத்தைச் சாமிக்கு முன்னால் வைத்து ஒரு தடவை பார்த்துவிடவேண்டும் என்ற ஆத்திரம்தான். சுப்பிரமணி எங்களை இறக்கிவிட்டு வேப்ப மரத்தடிக்குப் போனார்.

சின்னக் கோயில். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் நடைபாதை. "காத்தாடிக்குக் கீழ உக்காரு கண்ணு, காயத்துல வேர்க்கக் கூடாது" என்று லீலா மாடத்தியை நடைபாதை ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அடுத்ததில் அமர்ந்தார். அவருக்கு அந்தப் பக்கம் நான். ஜோயல் முன்னால் ஆயருக்குப் பக்கத்தில் நின்றார். பாட்டும் வாசிப்பும் பிரசங்கமும் முடிந்தன. என்னால் எதையும் கவனிக்க முடியவில்லை. மறுநாள் லீலா அந்தத் தாளைத் திருப்பி வாங்குவாரா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் வாங்கிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

திருவிருந்துக்கு முன்னால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுப்பது என்கிறார்கள். ஆயர் தன் இரண்டு கைகளுக்குள் செயலரின் வலது கையை வைத்து அழுத்துவார். செயலர் நடைபாதையில் இறங்கிவந்து ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்தில் நிற்பவரின் வலது கையை அதேபோல் அழுத்திச் சமாதானம் கொடுப்பார். அவர் பக்கத்திலிருப்பவருக்குக் கொடுப்பார். அப்படியே கை மாறிக் கை மாறிக் கடைசி ஆள் வரைக்கும் போகும். யாரையும் விட்டுவிட்டுத் தாண்டுவதில்லை. லீலா இதை எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜோயல் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார்.

மாடத்தியை அவருக்குத் தெரியவில்லை. புதிதாக வந்த பெண் என்று நினைத்துப் புன்னகையோடு இரண்டு கைகளையும் நீட்டினார். மாடத்தி எழுந்து நின்று வலது கையைத் தூக்கினாள். கட்டுக்கு வெளியே கட்டைவிரலும் கடைசி இரண்டு விரல்களும் தெரிந்தன.

ஜோயலின் முகத்தை நான் பார்த்தேன். பார்க்கத்தானே வந்தேன். அவர் கைகள் ஒரு கணம் அப்படியே நின்றன. பிறகு அவளைத் தாண்டி லீலாவின் பக்கம் திரும்பி நீண்டன. "சமாதானம், சிஸ்டர்" என்றார். பின்வரிசையில் எல்லோரும் எழுந்து நின்று தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். ஆயர் முன்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

லீலா தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். கண்ணை மட்டும் தாழ்த்தி, மாடத்தியின் கட்டுப் போட்ட கையைக் காட்டினார்.